ஜோவிதா லத்தீன் படிக்கிறாள்

1

ஸ்பெயின்காரர்கள் ஒருவரைக் கில்லாடி என்று சொல்ல நினைத்தால் ‘அவருக்கு லத்தீன் தெரியும்’ என்பார்கள். அந்த ஆளுக்கு லத்தீனில் ஒரு எழுத்துகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாடகை ஒப்பந்தத்தின் மூலையில் பொடி எழுத்தில் ஒளித்து வைத்திருக்கும் வரியைக் கண்டுபிடிப்பவருக்கு லத்தீன் தெரியும். வாங்கி வந்த மீனைக் குளிர்பெட்டியில் வைப்பதற்குள் ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு போகும் பூனைக்கும் லத்தீன் தெரியும். நம் பக்கத்தில் ‘உஷாரான பார்ட்டி’ என்போமே, கிட்டத்தட்ட அதுதான்.

சரகோசா நகரத்தில் குடியேறிப் பல வருஷமாகியும் எனக்கு இது தெரியாது. போன மே மாதம் ஒருநாள் நானும் மகளும் இறங்கிக்கொண்டிருந்த குடியிருப்பு லிஃப்டில் கீழ்வீட்டு மாரி கார்மென் அம்மாள் ஏறினாள். பணி ஓய்வு பெற்றவள், தனியாக இருப்பவள். மின்சார இணைப்பை மாற்றித் தருகிறேன் என்று அவள் வீட்டு வாசலுக்கு வந்து கையெழுத்துக் கேட்ட ஒருவனை, என் மகள் ஜோவிதா இரண்டே கேள்வி கேட்டு மாடிப்படி வழியாக ஓட வைத்திருக்கிறாள். அம்மாள் அதை விலாவாரியாகச் சொல்லி முடித்துவிட்டு, “இந்தப் பெண்ணுக்கு லத்தீன் தெரியும்” என்றாள்.

நான் பணிவாக, “இன்னும் இல்லை அம்மா. செப்டம்பரில்தான் ஆரம்பிக்கிறாள். அதையும் நிறுத்தத்தான் பார்க்கிறோம்” என்றேன்.

மாரி கார்மென் சிரித்த சிரிப்பில் லிஃப்ட் ஆடியது. ஜோவிதா கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு, இந்த ஆள் யாரோ எவரோ என்பது போல நின்றாள். ஆனால் நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு அடுத்த இரண்டு வருஷத்துக்கு அவள் எடுத்திருந்த பாடம் லத்தீன். அதை நிறுத்துவதுதான் எனக்கும் என் மனைவி ரோஸ்லினுக்கும் அந்தக் கோடைகாலத்து வேலையாக இருந்தது.

2

நம் தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே லத்தீன்தான். லத்தீன் மொழி என்போம், லத்தீன் அமெரிக்கா என்போம். இங்கே மொழிக்குத்தான் லத்தீன். மனிதர் என்றால் லத்தீனோ, பெண்ணாக இருந்தால் லத்தீனா. அது பெரும்பாலும் கடலுக்கு அந்தப் பக்கம், அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஸ்பானிஷ் பேசிக்கொண்டு வந்தவர்களைக் குறிக்கும். படித்தவர்கள் சிலர், ரோமாபுரி வழிவந்த நாங்கள் எல்லோருமே லத்தீனோக்கள்தான் என்று விளக்குவார்கள். அதைக் காய்கறிக் கடையில் போய்ச் சொன்னால் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

இந்த வித்தியாசம் புரியாமல், “என் மகள் லத்தீனோ படிக்கப் போகிறாள்” என்று அலுவலகத்தில் சொல்லித் தொலைத்தேன். பக்கத்து மேசை வில்சன் ஈக்வடார்காரர். நாற்காலியை விட்டு எழுந்து இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, “சால்சாவா, பச்சாத்தாவா?” என்று கேட்டார். மகள் நடன வகுப்பில் சேர்ந்திருக்கிறாள் என்று அன்று மாலைக்குள் அலுவலகமே பேசிக்கொண்டது. நான் மறுக்கவில்லை. நடனம் என்றால் வாரக் கடைசியோடு போய்விடும். லத்தீனை எதில் சேர்த்து விளக்குவது?

வில்சன் லத்தீனோ, ஒருகாலத்தில் ஸ்பெயின் ஆண்ட நாட்டுக்காரர் என்பதால் அவருக்கு இந்த நாட்டுக் குடியுரிமை கேட்க இரண்டு வருஷம் இங்கே இருந்தால் போதும். எனக்குப் பத்து வருஷம். நம் கடற்கரையில் கப்பலை நிறுத்திய வெள்ளைக்காரர்களில் ஒருவராவது ஸ்பெயின்காரராக இருந்திருக்கக் கூடாதா என்று குடியேற்ற அலுவலக வரிசையில் நிற்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். அந்த வரிசையின் முடிவில் உட்கார்ந்திருந்த பெண்மணி என்னை நிமிர்ந்து பார்த்து, “இந்துவா?” என்று கேட்டார். இங்கே இந்தியர் எல்லோரையும் பேச்சுவழக்கில் அப்படித்தான் சொல்வார்கள். “என் பெயர் சேவியர், நான் கிறிஸ்தவன்” என்றேன். “சரி, கிறிஸ்தவ இந்து” என்று பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டு முத்திரை குத்தினார்.

3

எங்களுக்கு லத்தீன் மேல் கோபம் ஒன்றும் கிடையாது. பயம்தான்.

என் அப்பா திருக்கழுக்குன்றம் பக்கத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். பிறகு கல்பாக்கம் டவுன்ஷிப்பில் ஒப்பந்தத் தோட்டக்காரராகச் சேர்ந்தார். சாகும்வரை அடுத்தவர் வீட்டு ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றினார். நான் கம்ப்யூட்டர் படித்து நாவலூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்த அன்று, கம்பெனி பஸ் புறப்படும் வரைக்கும் பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடம்தான் என்னை ஸ்பெயினுக்கு அனுப்பியது. ரோஸ்லினின் கதையும் கிட்டத்தட்ட இதுதான், தோட்டத்துக்குப் பதில் மீன் மார்க்கெட் என்று மாற்றிக்கொள்ளலாம்.

எங்களுக்குப் படிப்பு என்றால் ஏணி. ஜோவிதா கணக்கில் நன்றாக மதிப்பெண் வாங்குகிறவள். மூன்றாவது படியில் ஏற வேண்டியவள், ஏணியை விட்டு இறங்கி ரோட்டோரத்தில் கிடக்கும் கல்லைப் பார்க்கப் போகிறேன் என்கிறாள். நிஜமாகவே கல்தான். இந்த ஊர் ரோமானியர்கள் கட்டியது. தெருவில் எங்கே தோண்டினாலும் எழுத்து வெட்டிய கல் அகப்படும். பள்ளியிலிருந்து ஒருதரம் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார்கள். அதிலிருந்து பிடித்த பித்து இது.

“லத்தீன் பேசுறதுக்கு இந்த உலகத்துல ஆளே இல்லடி” என்றாள் ரோஸ்லின்.

“அதனாலதாம்மா சண்டை வராது” என்றாள் ஜோவிதா.

பாடத்தை மாற்ற வேண்டுமென்றால் செப்டம்பர் தொடக்கத்தில் பள்ளி அலுவலகத்துக்கு வந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் ஆகஸ்டில் ஊருக்குப் போவதாக இருந்தோம். கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில் எங்கள் கோயிலில் ஆகஸ்ட் நடுவில் மாதா திருவிழா. அங்கே அக்கா இருக்கிறாள், சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். நாம் சொன்னால் கேட்காத பெண், நாலு பேர் உட்கார வைத்துச் சொன்னால் கேட்பாள் என்று ஒரு கணக்குப் போட்டேன்.

4

கணக்கு தப்பப் போவது வாட்ஸப்பில் பேசியபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிலோமினா அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். எனக்கு இரண்டாவது அம்மா மாதிரி. ஜோவிதா அடுத்து என்ன படிக்கப் போகிறாள் என்று கேட்டாள். மறைத்து என்ன ஆகப் போகிறது என்று “லத்தீன்” என்றேன்.

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது.

“அழாதக்கா” என்றேன். “நாங்களும் எவ்ளோவோ சொல்லிப் பாத்துட்டோம். அவ முடிவு பண்ணிட்டா.”

“தடுக்காதடா சேவி. பாவம்டா, தடுக்கக் கூடாது. புள்ள மனசு மாறிடாதே?”

“மாற மாட்டா போலருக்கு.”

“ரோஸ்லினு இன்னா சொல்றா?”

“ராத்திரி எல்லாம் தூங்கலக்கா.”

“பெத்தவளாச்சே, அப்படித்தான் இருக்கும். போகப் போக சரியாப் பூடும். கல்யாணம் காச்சின்னு எத்தினி பேரு கஷ்டப்படறோம், இன்னாத்த கண்டோம்? நம்ம வூட்ல இருந்து ஒரு புள்ள போவுதே, அத்த சொல்லு.”

எங்கள் அக்கா இத்தனை முற்போக்கானவள் என்று எனக்கு அதுவரை தெரியாது. லத்தீன் படித்தால் மாப்பிள்ளை கிடைக்காது என்பதை மட்டும் கொஞ்சம் கூடுதலாக நினைக்கிறாளே என்று யோசித்தேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

நீங்கள் எங்கள் கோயில்காரராக இருந்தால் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். எங்கள் தெருவில் லத்தீன் என்றால் சாமியாருடைய பாஷை. முன்னெல்லாம் பூசையே லத்தீனில்தான் நடந்ததாம். சாமியார் பீடத்தைப் பார்த்துக்கொண்டு அவர்பாட்டுக்குச் சொல்வார், நம் ஆட்கள் கடைசியில் நின்று தலையை ஆட்டுவார்கள். புதுப்பட்டினத்தைப் பொறுத்தவரை, ஒரு பெண் கடல் கடந்து போய் லத்தீன் படிக்கிறாள் என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. பாதி உலகம் சுற்றிய நான் அதை மறந்துபோயிருந்தேன்.

5

அக்கா மகன் டேவிட் மீனம்பாக்கத்துக்குக் கார் எடுத்து வந்திருந்தான். புதுப்பட்டினம் மார்க்கெட்டில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருப்பவன். வழியெல்லாம் ஜோவிதாவிடம் அளவுக்கு மீறி மரியாதையாகப் பேசினான். நாவலூரில் என் பழைய ஆபீஸை அவளுக்குக் காட்டியபோது, “அத்தெல்லாம் அதுக்கு எதுக்கு மாமா, அது வேற ரூட்டு” என்றான். எனக்குப் புரியவில்லை. “நாஸ்தா சாப்ட்டுப் போலாமா?” என்று பேச்சை மாற்றிவிட்டான்.

மார்க்கெட் முனையில் காரை மெதுவாக ஓட்டி, “மேல பாருங்க மாமா” என்றான்.

பத்தடி அகலத்துக்கு ஃப்ளெக்ஸ். நடுவில் ஜோவிதா. என் தங்கை முறைப் பெண் ஒருத்தியின் கல்யாணத்தில் எடுத்த போட்டோவிலிருந்து அவள் தலையை மட்டும் வெட்டி, கைகூப்பி நிற்கும் ஒரு கன்னியாஸ்திரியின் உடம்பில் ஒட்டியிருந்தார்கள். முக்காட்டுக்குக் கீழே கல்யாணத்துக்குப் போட்ட ஜிமிக்கி தொங்கியது. தலைக்கு மேல் புறா, காலடியில் ஆட்டுக்குட்டி. ஓரத்தில் வரிசையாக மாமா, சித்தப்பா, பெரியப்பா பாஸ்போர்ட் போட்டோக்கள். கீழே கறுப்புக் கண்ணாடியோடு காதில் போனை வைத்துக்கொண்டு டேவிட். ‘இறை அழைத்தலை ஏற்று துறவறப் பயிற்சிக்காக ஸ்பெயின் நாட்டில் லத்தீன் பயிலும் எங்கள் குலவிளக்கே, வருக வருக!’

ரோஸ்லின் என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

ஜோவிதா தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போய் பாதியில் நின்றாள். “அப்பா, துறவறம்னா என்ன?”

“அது... ஒரு மாதிரி ஹாஸ்டல்மா” என்றேன்.

6

வீட்டில் உண்மையைச் சொல்லலாம் என்றுதான் போனேன். அக்கா வாசலிலேயே ஜோவிதாவைக் கட்டிப்பிடித்து, அவள் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வயதில் மூத்தவள், ஒரு சின்னப் பெண்ணின் கையை அப்படி ஒற்றிக்கொண்டதைப் பார்த்ததும், சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று தள்ளினேன். சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று தள்ளினேன். சாப்பிட்ட பிறகு அண்டை அயல் வந்துவிட்டது. மறுநாள் சொல்லலாம் என்றால் மறுநாள் பங்குச் சாமியார் வந்து எந்தக் கன்னியர் சபை, எத்தனை வருஷப் பயிற்சி என்று விசாரித்தார். “இன்னும் யோசிச்சுட்டு இருக்கா ஃபாதர்” என்று வழிந்தேன். திருவிழாப் பூசையில் நன்றிக் கருத்து வாசிக்க அக்கா, சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். ஊரே கூடியிருக்கும்போது ஜோவிதாவின் துறவற அழைப்புக்காக நன்றி சொல்லப் போகிறார்கள்.

ரோஸ்லின் என்னைச் சமையல்கட்டுப் பின்னால் இழுத்துப் போனாள். “சயின்ஸ் படின்னு சொல்ல ஆள் சேர்க்கத்தானே கூட்டிட்டு வந்தீங்க? நல்லா சேர்த்தீங்க. இன்னும் நாலு நாள் இருந்தா அவளை மடத்துலயே விட்டுட்டு வரணும்.”

அவள் சொன்னது சரிதான். ஆனால் நான் தயங்கியதற்குக் கூச்சம் மட்டும் காரணமில்லை. எங்கள் வீட்டில் யாரும் பேசாத ஒரு விஷயம் உண்டு. அக்கா பத்தாவது முடித்ததும் கன்னியாஸ்திரி ஆக வேண்டும் என்று, எங்கோ தூரத்து ஊரில் இருந்த ஒரு மடத்துக்குத் தகரப்பெட்டியோடு போனாள். சில மாதத்தில் திரும்பி வந்துவிட்டாள். அடுத்த வருஷம் கல்யாணம். நான் அப்போது சின்னவன். ஏன் வந்தாள் என்று கேட்டதற்கு அப்பா கை ஓங்கினார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. முதல் தடவை கிடைக்காமல் போனது தம்பி மகள் ரூபத்தில் திரும்பி வந்திருக்கிறது என்று சந்தோஷப்படுகிறவளிடம் போய், ‘அதெல்லாம் இல்லக்கா’ என்று எந்த வாயால் சொல்வது?

7

திருவிழாவுக்கு முந்தின நாள் மாமல்லபுரம் போனோம். அக்கா, ரோஸ்லின், ஜோவிதா, நான். ரதத்தையும் குகையையும் பார்த்துவிட்டுக் கடற்கரையில் வறுத்த மீன் சாப்பிடுவது என்று திட்டம். எங்கள் குடும்பத்துக்கு மாமல்லபுரம் என்றால் எப்போதும் மீன்தான், சிற்பமெல்லாம் வழியில் வருவது.

குன்றை ஒட்டி இருக்கும் கணேச ரதத்தின் சுவரில் எழுத்து வெட்டியிருக்கிறது. ஜோவிதா அதன் முன்னால் நின்றுவிட்டாள். நகரவே இல்லை. அக்கா பக்கத்தில் போய் நின்றாள்.

“இன்னா எழுதிக்கீது கண்ணு? லத்தீனா?”

“இல்ல அத்தை. கிரந்தமாம். எனக்கு வாசிக்கத் தெரியாது.” அவளே தொடர்ந்தாள். “எங்க ஊர்ல இந்த மாதிரி கல்லுல லத்தீன் இருக்கும். அதை வாசிக்கத்தான் படிக்கிறேன். நான் சிஸ்டர் ஆகப் போகல அத்தை. டேவிட் அத்தான்கிட்ட துறவறத்துக்கு அர்த்தம் கேட்டேன். அப்பா உங்ககிட்ட சொல்லப் பயப்படறார்.”

என் ஏழு தலைமுறைக் கௌரவமும் அந்த மண்ணில் புதைந்தது. அக்கா அங்கே இருந்த பாறையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

“பூசைக்கு இல்லியா?”

“இல்ல அத்தை.”

“அப்ப இதுக்கு வேலை குடுப்பாங்களா?”

“டீச்சர் ஆகலாம். ம்யூசியத்துல ஏதாவது கிடைக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது.”

“அப்பறம் இன்னாத்துக்குப் படிக்கிற?”

“பிடிச்சிருக்கு அத்தை.”

ரோஸ்லின் இதற்குத்தான் காத்திருந்தாள். “கேட்டீங்களா அண்ணி? பிடிச்சிருக்காம். நீங்களாவது ரெண்டு வார்த்தை சொல்லுங்க.”

அக்கா என் பக்கம் திரும்பினாள். “நீ எதுக்குடா கம்ப்யூட்டரு படிச்ச?”

“வேலைக்குத்தான்.”

“புடிச்சிருந்துச்சா?”

பிடித்ததா பிடிக்கவில்லையா என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அப்படியே சொன்னேன். அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள்.

“எனக்கு மடம் புடிச்சிருந்துச்சு” என்றாள். “போன அன்னிக்கே எந்தத் தெருன்னு கேட்டாங்க. சொன்னேன். மாட்டுக் கொட்டாயில வுட்டாங்க. மத்த புள்ளைங்க எல்லாம் உள்ள படிச்சிக்கினு இருக்கும், நான் சாணி அள்ளிக்கினு இருப்பேன். வயசான சிஸ்டருங்க சாயங்காலத்துல லத்தீன்ல பாடுவாங்க. கையக் கூட கழுவாம சன்னலாண்ட நின்னு கேப்பேன். ஒண்ணும் புரியாது, அம்மாம் நல்லா இருக்கும். நைனா பாக்க வந்தாரு, என் கையப் பாத்தாரு, ஒரு வார்த்த பேசல, கூட்டிக்கினு வந்துட்டாரு. அதுக்கப்பறம் உனக்கு இன்னா புடிக்கும்னு யாரும் என்னிய கேக்கல. நானும் கேட்டுக்கல.”

ஜோவிதா பாறையில் அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். ரோஸ்லின் குன்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா எழுந்து புடவையைத் தட்டினாள்.

“வாங்க, நல்ல மீனெல்லாம் தீந்துடும்.”

படிக்கலாம் என்றோ கூடாது என்றோ அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கேட்க எங்களுக்கும் தைரியம் வரவில்லை.

8

அன்று சாயங்காலமே அக்கா சொல்லி, டேவிட் ஏணி போட்டு ஏறி, ஃப்ளெக்ஸில் ‘துறவறப் பயிற்சிக்காக’ என்ற இடத்தில் வெள்ளைக் காகிதம் ஒட்டினான். முக்காட்டை ஒன்றும் செய்ய முடியவில்லை. “பேஜாராப் போச்சு மாமா” என்று என்னிடம் மட்டும் சொன்னான்.

திருவிழாப் பூசைக்குக் கோயில் நிறைந்து வெளியே பந்தல்வரை கூட்டம். அக்கா விடியற்காலையிலேயே கிளம்பி உபதேசியார் வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். எதற்கு என்று சொல்லவில்லை. கருத்தை வாசிக்க வேண்டாம் என்று சொல்லப் போயிருப்பாள் என நினைத்துக்கொண்டேன். பாவம், எத்தனை ஆசையாக இருந்தாள் என்று எனக்கு உள்ளுக்குள் வலித்தது.

எங்கள் கோயிலில் நன்றிக் கருத்து வாசிக்கும் முறை இதுதான். உபதேசியார் ஒவ்வொன்றாகப் படிப்பார். ஒவ்வொன்றுக்கும் ஜனங்கள் ‘நன்றி ஆண்டவரே’ என்பார்கள். பதினைந்து இருபது வந்த பிறகு யாரும் காதில் வாங்குவதில்லை, வாய் தானாகச் சொல்லும். மூட்டுவலி குணமானதற்கு நன்றி. துபாய் விசா கிடைத்ததற்கு நன்றி. கல்பாக்கத்தில் வேலை நிரந்தரமானதற்கு நன்றி. கடலுக்குப் போன படகு பத்திரமாகத் திரும்பியதற்கு நன்றி.

உபதேசியார் அடுத்ததைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, ஒருமுறை தனக்குள் படித்துவிட்டு, அக்கா உட்கார்ந்திருந்த பக்கம் நிமிர்ந்து பார்த்தார். அக்கா ‘படி’ என்பது போலத் தலையை அசைத்தாள்.

“பிலோமினாவின் தம்பி மகள் ஜோவிதா” என்று ஒலிபெருக்கியில் வாசித்தார். “தனக்குப் புடிச்ச படிப்பைப் படிக்கப் போவதற்காக.”

அந்தக் கோயிலில் அதற்குமுன் யாரும் அப்படி ஒன்றுக்கு நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. உள்ளே இருந்தவர்களும் பந்தலில் நின்றவர்களும் எப்போதும்போல, “நன்றி ஆண்டவரே” என்றார்கள்.

ரோஸ்லினும் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. என்னை ஒரு முறை முறைத்தாள், பிறகு குனிந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோயிலில், மாதாவுக்கு முன்னால், ஊரோடு சேர்ந்து சொன்னதை அவள் மாற்ற மாட்டாள். நானும் மாற்ற மாட்டேன்.